இடம் கேட்கும் இயந்திரம்



சிகாகோவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுச் சமையலறையில் இருவர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்கவேண்டும். அங்கேதான் சக்கரங்கள் பூட்டிய பழைய பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றும் நிற்கிறது. அதன் மேற்பலகையே எங்களுக்குக் காய்கறி நறுக்கும் மேசை. இரவில் அதைத் தொட்டியருகே உருட்டிவந்து, தண்ணீர்க் குழாயின் முனையில் இணைக்கிறோம். வெந்நீர் உள்ளே செல்கிறது. அழுக்குநீர் தொட்டியில் வடிகிறது. அது ஓடி முடியும்வரை குழாயும் இல்லை, தொட்டியும் இல்லை. ஆகவே குடிநீரை முன்னதாகவே பிடித்துவைக்கிறோம்.

எங்கள் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரில் வாழ்ந்தவர் ஜோசஃபின் காக்ரேன். 1883-இல் கணவர் கடனை விட்டு மரித்தார். அவரோ தளராமல், கம்பிச் சட்டங்களில் பாத்திரங்களை நிறுத்தி நீரின் விசையால் கழுவும் இயந்திரத்தை உருவாக்கி, 1886-இல் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது இடம்பெற்றது.

என் மனைவியின் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கிய பின்பே இவ்வியந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அது வழியை அடைக்கும்போதெல்லாம் நான் அவருடைய கைகளை நினைத்துக்கொள்கிறேன். அதற்குள் அடங்காத பெரிய பாத்திரங்களைத் தேய்ப்பது என் பங்கு. ஒருவருடைய வலி குறையவேண்டுமானால், மற்றவர்கள் தங்கள் வசதியில் சிறிது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

உங்கள் வீட்டில் யாருடைய கைகள் ஓய்வின்றி உழைக்கின்றன? அந்தக் கைகள் இளைப்பாறும்படி நீங்கள் எதை விட்டுக்கொடுப்பீர்கள்? இவ்வாரம் சிந்தியுங்கள்.