விசில் வரும்வரை

படம் வரைய நேரமில்லை என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன். விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, மின்சார ரயிலைப் பிடித்து அலுவலகம் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு நேரம் எங்கிருந்து வரும்? என் நாளும் அப்படித்தான். ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையில்கூட அது கிடைக்காது. ஆனால் நம் நாளில் காத்திருப்புகள் நிறைய உண்டு. வரைதலை அங்கே கொண்டுபோய் வைக்கலாம்.

பருப்பைக் குக்கரில் ஏற்றினால் விசில் வரும்வரை எப்படியும் அடுப்படியில்தான் நிற்க வேண்டும். அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் கோடு போடாத சின்ன நோட்டும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் வைத்திருக்கிறேன். பென்சில் என்றால் சீவ வேண்டும், ரப்பர் தேட வேண்டும். பேனாவில் போட்ட கோடு போட்டதுதான். அதனாலேயே கண் கூர்மையாகிறது.

கிமோன் நிக்கோலெய்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியரின் பயிற்சிகள் 1941-இல் புத்தகமாக வந்தன. அதில் ஒன்று, காகிதத்தைப் பார்க்காமல் பொருளையே பார்த்து, பேனா முனை அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போவதாக எண்ணி மெல்ல வரைவது. நறுக்க எடுத்து வைத்த கத்தரிக்காயை அப்படி வரைந்தேன். காம்பின் பச்சைக் குல்லாய் ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. அதற்கடியில் தோல் ஊதாவாக இல்லை, வெளுத்திருந்தது. வெயில் படாததால் நிறம் ஏறவில்லை. எத்தனையோ வருஷமாக நறுக்கும் காய், அன்றுதான் என் கண்ணில் பட்டது.

ரயிலுக்கு வேறு முறை. எதிரில் இருப்பவர் எந்த ஸ்டேஷனில் இறங்குவார் என்று தெரியாது. நிக்கோலெய்ட்ஸ் அதற்கும் வழி சொல்கிறார்: உருவத்தை விட்டுவிட்டு அசைவைப் பிடி, ஒரு நிமிஷம் போதும். கைப்பிடியில் தொங்கியபடி தூங்கும் ஒருவரின் முழு எடையும் ஒரு தோளில் இறங்கியிருக்கும். இடுப்பு எதிர்ப்பக்கம் ஒதுங்கியிருக்கும். அந்தச் சாய்வை ஒரே கோட்டில் இழுத்துவிட்டால் ஆள் வந்துவிடுவார். மூக்கும் முழியும் தேவையே இல்லை.

சின்னதாக வரைவது குறைந்த வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். சாந்திநிகேதனில் கலாபவனத்தை வழிநடத்திய நந்தலால் போஸ், அஞ்சலட்டைகளில் படம் வரைந்து நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அனுப்பியவர். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக அவர் தீட்டிய படங்களில் மேளக்காரர்களும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் நாலைந்து கோடுகளில் எழுந்து நிற்கிறார்கள். அத்தனை சிக்கனமான கோடு, அன்றாடம் பார்த்துப் பழகிய கைக்குத்தான் வரும்.

தினமும் வரைவதால் நான் ஓவியராகிவிடுவேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் வரைந்த நாளில் ஏதோ ஒன்றையாவது முழுசாகப் பார்த்திருப்பேன். வேலை நம்மை விரட்டும் காலத்தில் அது சின்ன லாபமில்லை.

ஆகவே, எப்போது வரைவது என்று யோசிப்பதை விடுங்கள். நோட்டை எங்கே வைப்பது என்று யோசியுங்கள். பீரோவுக்குள் போனால் அது வெளியே வராது. நீங்கள் தினமும் காத்து நிற்கும் இடத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள்.