லேத் போர்டைக் காக்கும் பழைய டிரங்குப் பெட்டி

வார்ப்பிரும்பைக் கடையும்போது பறக்கும் தூள் மாவைப் போல நுண்மையானது.
மின்சாரத்தையும் கடத்தும்.
லேத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டில் அது படிந்தால் ஷார்ட் ஆகிவிடும்.
போர்டு கருகும், வேலை நிற்கும்.

இதைத் தடுக்கும் பொருள்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கின்றன.

முதலில் பெட்டி.
பிளாஸ்டிக் டப்பா சூடான இரும்புச் சுருள் பட்டால் உருகும்.
பழைய தகர டிரங்குப் பெட்டி தாங்கும்.
அதற்கு எர்த் கம்பி கட்டாயம்.
போர்டு தகரத்தில் படாமல் பிளாஸ்டிக் கால்களில் நிற்க வேண்டும்.

அடுத்து மூடியின் விளிம்பு.
பழைய ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் இடைவெளியை நன்றாக அடைக்கும்.
உள்ளே இருக்கும் காந்தப் பட்டையை மட்டும் உருவிவிட வேண்டும்.
இல்லாவிட்டால் இரும்புத் தூளை அதுவே இழுத்துச் சேர்க்கும்.

ஒயர் நுழையும் துளை பெட்டியின் அடிப்பக்கம் இருந்தால் தூள் உள்ளே விழாது.
வெட்டிய தகரம் ஒயரை அறுக்காமலிருக்க, துளையில் ரப்பர் வளையம் தேவை.

ஈரத்துக்கு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் உதவும்.

கடைசியாக வெப்பம்.
அடைத்த பெட்டியில் சூடு தங்கும்.
வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் போர்டிலுள்ள மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.
அதனால்தான் சிறிய பிஸ்கட் டின்னைவிடப் பெரிய டிரங்குப் பெட்டி மேல். பரப்பு அதிகம், சூடு எளிதில் வெளியேறும்.

பெட்டியைத் திறக்கும் முன் மெயினை அணைத்துவிட்டு, குறைந்தது 10 நிமிடம் பொறுங்கள்.
மின்தேக்கியில் தங்கிய மின்சாரம் உயிரையே பறிக்கும்.