மரத்தைத் தாண்டினால் மொன்றியல்

டோர்செட் பார்க்கில் எல்ஸ்மியர் வீதியை ஒட்டி வரிசையாக நிற்கும் சிறு தொழிற்கூடங்களுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே நின்று பார்த்தால் தெரியாது. ஒன்றில் கார் திருத்துகிறார்கள். அடுத்ததில் கலியாண மணவறை செய்கிறார்கள். அதற்குப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த ஓர் அண்ணை ஐந்து வருடமாக விமானம் கட்டுகிறார்.

சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கனடாவில் இது பழைய பழக்கம். ஒன்ராறியோவின் கோட்ரிச் என்ற ஊரில் கீத் ஹொப்கின்சன் கட்டிய சிறு விமானம் 1955இல் பறந்தது. இன்றைய விதிப்படி, வேலையில் பாதிக்கு மேல் கட்டுபவரே செய்திருக்க வேண்டும். அண்ணை கட்டுவது சிஎச் 701 என்ற இரண்டு பேர் அமரும் விமானம். அதை வடிவமைத்த கிறிஸ் ஹைன்ஸும் எங்களைப்போலக் குடிபெயர்ந்து வந்தவர்தான். ஐரோப்பாவில் கொன்கோர்ட் திட்டத்தில் வேலைசெய்தவர், கனடாவுக்கு வந்து டி ஹாவிலண்டில் பொறியியலாளராக இருந்து, 1974இல் செனயர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் இருக்கும் ஊரின் பெயர் மிட்லண்ட். டோர்செட் பார்க்கிலோ மிட்லண்ட் என்றால் பஸ் ஓடும் தெரு. அண்ணை 'மிட்லண்டுக்குப் போறன்' என்றால், எந்த மிட்லண்ட் என்று வீட்டில் கேட்பார்கள்.

முப்பது வருடம் லேத் மெஷினில் நின்றவர் அண்ணை. அலுமினியத் தகடு, ரிவெட், எஞ்சின் எதிலும் அவர் தடுமாறவில்லை. புரொப்பெல்லரில் வந்து நின்றுவிட்டார்.

புரொப்பெல்லர் பார்வைக்கு விசிறி; வேலையில் இறக்கை. ரைட் சகோதரர்கள் முதலில் கப்பல் புரொப்பெல்லரின் கணக்கைத் தேடினார்கள். அது உதவாது என்று கண்டு, இது சுழலும் இறக்கை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஸ்புரூஸ் மரப்பலகைகளை ஒட்டிக் கையாலேயே செதுக்கி, 1903இல் பறந்தார்கள். அலகு முறுக்கிக்கொண்டு போவதற்கும் காரணம் உண்டு. ஒரே சுற்றில் நுனி ஓடும் தூரம் அதிகம், நடுவுக்குக் கிட்ட உள்ள பகுதி ஓடும் தூரம் குறைவு. எல்லாப் பகுதியும் காற்றைச் சரியான கோணத்தில் வெட்ட வேண்டுமென்றால் நடுவில் சரிவு கூடவும் நுனியில் குறையவும் வேண்டும்.

வாங்கப் போகிறவர் இரண்டு எண்களைத் தீர்மானிக்க வேண்டும். ஒன்று விட்டம். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு நீளமான புரொப்பெல்லர் நல்லது. ஆனால் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் சத்தம் கூடும், இழுவிசை குறையும். அண்ணையின் ரோட்டக்ஸ் எஞ்சின் நிமிடத்துக்கு 5,800 சுற்று வரை ஓடும். 70 அங்குலப் புரொப்பெல்லரை நேரே அதில் பூட்டினால் நுனி வினாடிக்கு 540 மீட்டர் ஓட வேண்டும். ஒலியின் வேகம் ஏறத்தாழ 340. ஆகவே நடுவில் ஒரு கியர்ப்பெட்டி இருந்து சுற்றை 2.43 மடங்கு குறைக்கிறது. நுனியின் வேகம் 222 மீட்டருக்கு இறங்குகிறது.

இரண்டாவது எண் பிட்ச். ஒரு ஸ்குரூ ஆணி ஒரு சுற்றில் மரத்துக்குள் எவ்வளவு இறங்குமோ, அதைப்போல ஒரு சுற்றில் புரொப்பெல்லர் காற்றுக்குள் முன்னேற வேண்டிய தூரம் அது. 40 அங்குலப் பிட்ச், நிமிடத்துக்கு 2,300 சுற்று என்றால் கணக்குப்படி மணிக்கு 140 கிலோமீட்டர். காற்று மரமல்ல, வழுக்கும். உண்மையில் கிடைப்பது வேறு.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்றில் மிதித்திருப்பீர்கள். சைக்கிளுக்கு ஒரே கியர். பல்லுச் சக்கரம் பெரிதென்றால் நேர் ரோட்டில் பறக்கலாம், ஆனால் புறப்படும்போதும் காற்றுக்கு எதிரேயும் கால் கடுக்கும். சிறிதென்றால் சுலபமாகக் கிளம்பலாம், பிறகு எவ்வளவு மிதித்தாலும் வேகம் வராது. பிட்ச் மாறாத புரொப்பெல்லர் இந்த ஒற்றைக் கியர் சைக்கிள்தான். பிட்ச் கூடினால் ஓடுபாதையில் எஞ்சின் முழுச் சுற்றுக்கு வராது. முழுச் சுற்று வராவிட்டால் முழுக் குதிரைவலுவும் வராது. பிட்ச் குறைந்தால் ஏற்றம் நன்றாக இருக்கும், மேலே போனபின் எஞ்சின் எல்லை தாண்டிச் சுற்றும், நீங்கள் கையை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

அண்ணைக்கு ஓட்டம் வேண்டும். மொன்றியலில் அவருடைய தங்கச்சி இருக்கிறார். 500 கிலோமீட்டர். வழியில் ஒருதரம் எண்ணெய் அடித்து, பின்னேரத் தேத்தண்ணிக்கு அங்கே இறங்குவது அவருடைய கனவு.

மகளுக்கு ஏற்றம் வேண்டும். அவள் இங்கே பிறந்தவள், அப்பாவின் முதல் பயணி தானே என்று பெயர் கொடுத்து வைத்திருக்கிறாள். ஸ்காபரோவுக்குக் கிட்ட இருந்த பட்டன்வில் விமான நிலையம் 2023 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. அண்ணை பேசி வைத்திருப்பது நகருக்கு வெளியே ஒரு பண்ணையின் புல்வெளி. அதன் கடைசியில் மேப்பிள் மரங்கள். யூலை மாத வெக்கையில் காற்று மெலிந்திருக்கும், இறக்கைக்கும் எஞ்சினுக்கும் வலு குறையும். இரண்டு பேர், நிறைந்த தாங்கி, ஈரப் புல்.

அவள் ஒரு தாளை எடுத்தாள். இந்த விமானம் மெதுவாகப் பறக்கவென்றே தடித்த இறக்கையோடு செய்தது. பிட்சைக் கூட்டினாலும் காற்றின் தடை அதை விடாது. 130இல் போவது 138 ஆகிறது என்றே வைத்துக்கொண்டாலும், மொன்றியலுக்கு மிச்சம் பிடிப்பது கால் மணித்தியாலம்.

"அப்பா, மரத்தைத் தாண்டினாத்தானே மொன்றியல்" என்றாள்.

அண்ணை என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் சொல்லும்."

நான் சொல்ல என்ன இருக்கிறது? இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு விடை இந்த நாட்டிலேயே கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். நியூ பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த டர்ன்புல், பறக்கும்போதே பிட்சை மாற்றும் புரொப்பெல்லரைச் செய்து, 1927இல் ஒன்ராறியோவின் போர்டன் முகாமில் அதைப் பறப்பில் சோதிக்க வைத்தார். ஆனால் அப்படிப்பட்டதற்கு விலை கூட, பாரம் கூட, பழுதாகக்கூடிய பாகங்களும் கூட.

அன்றிரவு இவோ ஸ்டார்ஸ்கியை நினைத்துக்கொண்டேன். செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்த இளைஞர். டிராபன்ட் காரின் எஞ்சினை வைத்து ஒரு சிறு பறக்கும் வண்டி கட்டினார், புரொப்பெல்லரையும் தானே செய்தார். 1984 ஆகஸ்டில், விடியுமுன் எல்லை வேலிக்கு மேலால் வந்து வியன்னா விமான நிலையத்தில் இறங்கினார். பிறகு அமெரிக்கா போய், இவோபுரொப் என்ற பெயரில் புரொப்பெல்லர் செய்து விற்றார். வேலி தாண்டிய அந்தப் பறப்பு ஒருவழிப் பயணம். திரும்பி வரும் கணக்கு அதில் இல்லை.

எங்களில் பலர் வந்ததும் அப்படித்தான். முன்னால் நின்ற மரத்தைத் தாண்டினால் போதும் என்று வந்தோம். வந்த பிறகு ஓட்டம்தான்: இரண்டு வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் வகுப்புகள். ஏற்றம் முடிந்துபோன காரியம் என்று அண்ணை நினைத்ததில் எனக்கு வியப்பில்லை. ஒவ்வொரு பறப்பும் தரையிலிருந்துதான் தொடங்குகிறது என்று மகள் நினைவூட்டினாள். பயத்தில் அல்ல. அவள் திரும்பி வர நினைப்பவள், அதே மரங்களைப் பலமுறை தாண்டப் போகிறவள்.

கடைசியில் வாங்கியது தரையில் நிற்கும்போது கோணத்தை மாற்றக்கூடிய, மூன்று அலகுள்ள கார்பன் புரொப்பெல்லர். மரத்தில் தானே செதுக்க வேண்டும் என்ற ஆசை அண்ணைக்கு இருந்தது. மரம் அதிர்வை நன்றாக வாங்கும், விலையும் குறைவு. ஆனால் ரொறொன்ரோவின் குளிர்காலம் மரத்தை உலர்த்திச் சுருக்கும், கோடை ஊதவைக்கும். அதைப் பூட்டிய போல்ட்டுகளின் இறுக்கத்தைப் பருவத்துக்குப் பருவம் பார்க்க வேண்டும். "செதுக்குங்கோ அப்பா, சுவரில கொழுவலாம்" என்றாள் மகள். இப்போது பிர்ச் பலகைகளை ஒட்டிக் காயவைத்திருக்கிறார்.

போன சனிக்கிழமை கோணம் வைத்தார்கள். மூன்று அலகும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் விமானம் முழுவதும் நடுங்கும். மகள் அளவுகருவியைப் பிடிக்க, அண்ணை ஒவ்வொன்றாகத் திருப்பி, மூன்று முறை சரிபார்த்து, போல்ட்டை முறைப்படி இறுக்கினார். ஏற்றத்துக்கான கோணம். கொப்பியில் அதை எழுதிய பிறகு, அதன் கீழே இன்னொரு கோணத்தையும் எழுதி, பக்கத்தில் 'மொன்றியல்' என்று குறித்தார்.

மகள் அதை வாசித்தாள். வெட்டவில்லை.