செல்லுலார் ஜெயிலும் தாத்தாவின் நேதாஜியும்

'சிறைச்சாலை' படம் (1996) பார்த்தவர்களுக்கு அந்தமான் செல்லுலார் ஜெயிலைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. போன லீவில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது நேரிலேயே பார்த்தாச்சு. கான்சாபுரத்தில் மலையைப் பார்த்தே வளர்ந்தவன் மூணு நாள் கப்பலில் போன கதை தனியாக எழுதணும்..

1896-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்த சிறை. சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி ஏழு கட்டிடங்கள், 693 அறைகள். இப்போது மூன்று கட்டிடங்கள்தான் மிச்சம். 1979-ல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. ஒவ்வொரு கட்டிடமும் அடுத்ததன் முதுகைப் பார்த்து நிற்கிறது. கைதிக்கு எதிரே ஒரு மனுஷ முகம் தெரியக்கூடாதாம்! தாழ்ப்பாள் கதவில் இல்லை, தள்ளி சுவரில் ஒரு குழிக்குள். உள்ளே நின்று கம்பி வழியாகக் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவே இல்லை. உட்கார்ந்து யோசித்திருக்கிறான் பாவி. செக்கும் வைத்திருக்கிறார்கள். நம்ம வ.உ.சி. ஞாபகம் வந்தது (அவர் இழுத்தது கோவை ஜெயிலில்).

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை. அடுத்த கதை அவ்வளவாக யாரும் பேசாதது. 1942 மார்ச்சில் ஜப்பான் தீவைப் பிடித்தது. 1945 வரை அவர்கள் ராஜ்ஜியம். அதே அறை, அதே தாழ்ப்பாள். இந்தத் தடவை உள்ளே போனது உள்ளூர் ஜனங்கள், 'பிரிட்டிஷ் உளவாளி' என்று சந்தேகப்பட்டு. இந்திய சுதந்திர லீகில் இருந்த டாக்டர் திவான் சிங், பஞ்சாபிக் கவிஞர், அவரையும் விடவில்லை. சித்திரவதையில் 1944 ஜனவரி 14-ல் இறந்தார். அதே மாதம் 30-ம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது தேதிதான். நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றியது 1943 டிசம்பர் 30. அன்றைக்கு திவான் சிங் உள்ளே இருக்கிறார்! நேதாஜிக்கு எதுவும் தெரியாமல் ஜப்பான்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். எங்கள் தாத்தா வீட்டில் சாமி படங்களோடு நேதாஜி படமும் உண்டு, தினமும் பூ வைப்பார். 'ஜப்பான்காரன் நமக்கு உதவிக்கு வந்தவன்டா' என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் இழுத்தடித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்த டாக்டர் பேரு என்னன்னு சொன்ன?"