வரத்துக்கால்

"உங்களை மாதிரி படிச்சவங்க வந்தாத்தான் சார் ஏரியா டெவலப் ஆகும்" என்றார் மனைத் தரகர். மதுரைக்குக் கிழக்கே, ஒரு தலைமுறைக்கு முன்வரை நெல் விளைந்த நிலம் அது. பட்டா, வில்லங்கச் சான்று, ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடம் அனைத்தையும் சரிபார்த்தே வாங்கினேன். அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபின், நம்மில் பலர் காகிதம் படிக்கக் கற்றுக்கொண்டோம்.

குடிபுகுந்த முதல் ஐப்பசியில் தெருவெங்கும் முழங்காலளவு நீர். குடியிருப்போர் கூட்டத்தில் தெருவை ஓரடி உயர்த்த வேண்டுமென்றார்கள். உயர்த்தினால் நீர் அடுத்த தெருவுக்குப் போகும், அவ்வளவுதான். புதியவன் என்பதால் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஆடுகளோடு அவ்வழியே வந்த பெரியவர், முன்பு அதே வயலில் பாடுபட்டவர், வாசலில் நின்றார். "தண்ணி ஒங்க வீட்டுக்கு வரல வாத்தியாரே. அது கம்மாய்க்குப் போகுது. நீங்கதான் வழியில நிக்கிறீங்க."

வரைபடத்தை மீண்டும் விரித்தேன். என் மனையின் முன்னெல்லையை ஒட்டி மெல்லிய இரட்டைக்கோடு ஓடியது, கண்மாயின் வரத்துக்கால். எல்லை அளவுகளை மட்டும் தேடிய கண்ணுக்கு அன்று அது புலப்படவில்லை. வண்டி ஏறுவதற்காக நான் கட்டிய சரிவு அதனுள் இரண்டடி நீண்டிருந்தது. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலை அமைக்கச் சொல்லும் புறநானூற்றின் 18-ஆம் பாடலை ஆண்டுதோறும் உருகி நடத்துகிறவன் நான்.

மனைப்பிரிவு வரைபடத்தில் விலைக்கு வராத இடங்களும் உண்டு: சாலை, வாய்க்கால், பூங்கா. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுவிடமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித்தர வேண்டுமென்பது விதி. வாங்குகிறவர்கள் இவற்றைப் படிப்பதில்லை. படித்து, ஊர்ப் பெரியவர்களின் நினைவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே புதிதாய் வந்தவன் ஓர் ஊருக்குச் செய்யக்கூடிய முதல் கைம்மாறு என்று இப்போது நினைக்கிறேன்.

கொத்தனாரை அழைத்து என் சரிவை இடித்தேன். பிறகுதான் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டிப் பேச முடிந்தது. இருவர் தம் வாசலையும் இடித்தார்கள். ஒருவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த ஐப்பசியிலும் தெருவில் நீர் நின்றது, கணுக்காலளவு. இன்னும் பல வாசல்களில் அந்த இரண்டடி மிச்சமிருக்கிறது.