சுற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத இன்ஜின்

வெந்நீர்க் குவளை மேல் வைத்துச் சக்கரத்தை லேசாகத் தட்டிவிட்டால், சத்தமில்லாமல் சுற்றும் அழகான பித்தளை இன்ஜினை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் கிடையாது, கரண்ட் கிடையாது, நீராவிகூடக் கிடையாது. உள்ளே இருப்பது வெறும் காற்று!

இதுதான் ஸ்டிர்லிங் இன்ஜின். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டிர்லிங் 1816-ல் காப்புரிமை வாங்கியது. பித்தளையில்தான் வேண்டும் என்றில்லை. ஒரு தகர டப்பா, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார், ஒரு பலூன், கம்பி, பழைய சிடி... இவ்வளவு போதும்.

டப்பாவுக்குக் கீழே மெழுகுவர்த்தி, மூடி மேல் ஐஸ். உள்ளே இரும்பு நார் உருண்டை மேலும் கீழும் போய்வரும். அது மேலே போனால் காற்று சூடான அடிப்பக்கம் வந்து விரிகிறது, பலூன் உப்புகிறது. கீழே வந்தால் காற்று மேலே போய்க் குளிர்ந்து சுருங்குகிறது, பலூன் அமுங்குகிறது. இரண்டையும் ஒரே கம்பியில், 90 டிகிரி வித்தியாசத்தில் வளைத்த இரண்டு வளைவுகளில் மாட்டினால் சிடி சக்கரம் சுற்ற வேண்டும்.

சுற்றாது. முதல் தடவை பெரும்பாலும் சுற்றாது.

உடனே எல்லோரும் செய்யும் காரியம், இன்னொரு மெழுகுவர்த்தி வைப்பது. மூடியும் சேர்ந்து சூடாகிவிடும், மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும், கதை முடிந்தது. உண்மையான வில்லன்கள் இரண்டே பேர்: உராய்வும் கசிவும். மூடியில் கம்பி நுழையும் துளை பெரிதானால் காற்று கசியும், இறுக்கமானால் கம்பி சிக்கும். அந்த ஒரு துளைக்கே ஒரு சாயங்காலம் போய்விடும். இரும்பு நார் உருண்டையையும் டப்பாவை அடைக்கிற மாதிரி செய்துவிடுகிறார்கள். தப்பு. சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால்தான் காற்று தாண்டிப் போகும். தீ வைக்கும் முன்பே, பலூனைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் தட்டிப் பாருங்கள். நாலைந்து சுற்றாவது தானாக ஓடவில்லையென்றால் மெழுகுவர்த்தி வீண்.

சூட்டோடு மல்லுக்கட்டுவது ஸ்டிர்லிங் குடும்பத்துக்கே புதிதல்ல. அவருடைய தம்பி ஜேம்ஸ், டண்டீ நகரத்து வார்ப்பாலையில் 1843-ல் பெரிய காற்று இன்ஜின் ஒன்றை ஓட்டினார். ஆனால் சூடான பக்கத்து இரும்பு உருளை திரும்பத் திரும்பக் கெட்டது. 1847-ல் மறுபடி நீராவிக்கே மாறிவிட்டார்கள். யோசனையில் கோளாறில்லை, அந்தக் காலத்து இரும்பு தாங்கவில்லை. பாவம்!

டப்பா இன்ஜினில் அவ்வளவு நஷ்டமில்லை. பலூன் கிழிந்தால் வேறு பலூன். வரவு செலவு பார்த்தால் வரவுப் பக்கம் பூஜ்யம்தான், ஒரு டார்ச் பல்பைக்கூட அது எரிக்காது. ஆனாலும் டப்பாவுக்குப் பெயிண்ட் அடித்து, மரப்பலகையில் பொருத்தி, ஷோகேஸில் வைக்கிறார்கள். யாராவது விருந்தாளி வந்தால் போதும், ஃப்ரிட்ஜில் ஐஸ் எடுக்க ஓடுகிறார்கள்.