உருளையும் உப்புத்தாளும்

சுற்றும் ஓர் உருளைமேல் உப்புத்தாளை எப்படி நிற்க வைப்பது? இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதுவார்களா என்று கேட்டால், கேட்பவர் பக்கம்தான் நியாயம். என் மனைவியும் மூன்று மாதமாக இதையேதான் கேட்டாள். "ஏங்க, ஒரு தாளைச் சுத்துறதுக்கா இவ்வளவு யோசனை? கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கலையே." யோசிக்கவில்லைதான். அந்தக் காலத்தில் என் கட்டைவிரல்கள் ஒழுங்காக இருந்தன.

மிச்சிகனில் எங்கள் வீட்டு நிலவறையில், ஓய்வு பெற்ற பிறகு கிட்டார் செய்கிறேன். இதுவரை பதினொன்று செய்திருக்கிறேன். விற்பதற்கல்ல. கேட்பவர்களுக்குக் கொடுப்பேன், கேட்காதவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். கிட்டாரின் முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம், கனம் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டரிலிருந்து மூன்றுக்குள். பக்கப்பலகை வளைய வேண்டும், அதனால் இரண்டு மில்லிமீட்டருக்கு வந்துவிட வேண்டும். முன்பெல்லாம் இழைப்புளியால் தள்ளித் தள்ளியே இந்தக் கனத்துக்குக் கொண்டுவருவேன். பலகையைத் தட்டிக் காதில் கேட்டு, மறுபடி இழைத்து, மறுபடி தட்டி என்று ஒரு முழு நாள் ஓடிவிடும். அந்த நாள்தான் இந்தத் தொழிலின் சுகமே.

பிறகு கட்டைவிரலின் அடிமூட்டில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. பெரிய வியாதி ஒன்றுமில்லை, வயதானவர்களுக்கு வருவதுதான். ஆனால் பாட்டில் மூடி திறப்பது, சாவியைத் திருகுவது, இரண்டு விரலால் எதையாவது அழுத்திப் பிடிப்பது எல்லாம் உயிர் போகும். இழைப்புளியை ஐந்து நிமிடம் பிடித்தால் இரவெல்லாம் தூக்கமில்லை. மரவேலையை விட வேண்டும், இல்லையென்றால் இழைக்கும் வேலையை ஒரு இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்து நின்றேன்.

அந்த இயந்திரத்தின் பெயர் டிரம் சாண்டர். பார்ப்பதற்குச் சப்பாத்தி மெஷினின் அண்ணன் மாதிரி இருக்கும். கீழே மெதுவாக நகரும் கன்வேயர் பெல்ட், மேலே உப்புத்தாள் சுற்றிய அலுமினிய உருளை. பலகையை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் கொஞ்சம் மெலிந்து வெளியே வரும். பிளேனர் இருக்கிறதே என்பீர்கள். அதன் கத்தி, ரேகை அலையலையாக ஓடும் மரத்தைப் பிய்த்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் பலகையை உள்ளே விட்டால் அப்பளம் நொறுங்குவது போல நொறுங்கிவிடும். உப்புத்தாள் பிய்க்காது, சுரண்டும். அதனால்தான் கிட்டார் செய்பவர்கள் பலர் இதை வைத்திருக்கிறார்கள். பழைய இயந்திரம் ஒன்று கிடைத்தது. 16 அங்குல நீளம், 5 அங்குல விட்டம் கொண்ட உருளை, நிமிடத்துக்கு 1725 சுற்று. கணக்குப் போட்டால் உப்புத்தாள் நொடிக்குப் பதினொன்றரை மீட்டர் வேகத்தில் மரத்தைத் தேய்க்கிறது. இந்த வேகத்தில் தாள் உருளையை விட்டு நழுவினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தாளை நிறுத்த மூன்று வழிகள் இருக்கின்றன. பின்பக்கம் பசை தடவிய தாளை நேராக உருளைமேல் ஒட்டுவது ஒன்று. தளம் கல் மாதிரி இருக்கும், சமதளத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒட்டினால் ஒட்டினதுதான். சூட்டில் பசை இளகி அலுமினியத்தோடு அல்வாவாகிவிடும். உரிப்பதற்கு முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்ட வேண்டும், மிச்சப் பசையைக் கரைப்பான் போட்டுத் துடைக்க வேண்டும். ஒரே நம்பர் தாளை மாதக்கணக்கில் ஓட்டும் பட்டறைக்கு அது சரி. எனக்கு ஒரே மாலையில் 80, 120, 150 என்று மூன்று நம்பர் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, என் இயந்திரத்தோடு வந்த கிளிப் முறை. மூன்று அங்குல அகலப் பட்டையை உருளைமேல் சாய்வாக, தலைப்பாகை கட்டுவது போலச் சுற்றிக்கொண்டே போய், இரண்டு முனைகளையும் கிளிப்பில் மாட்ட வேண்டும். சுற்று மேல் சுற்று ஏறக் கூடாது. ஏறினால் அந்த இடம் மேடாகிப் பலகையில் பள்ளம் போடும்.

பட்டையை வெட்டுவதில் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும், கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். உருளையின் சுற்றளவு 15.7 அங்குலம். பட்டையின் முனை உருளையின் விளிம்போடு ஒட்டி ஒரு முழுச் சுற்று வர வேண்டும், அதனால் சாய்வாக வெட்டிய கோட்டின் நீளம் 15.7. அகலம் 3. பிதாகரஸைக் கூப்பிட்டால், பட்டையின் நீளவாக்கில் 15.4 அங்குலத்துக்கு அந்தச் சாய்வு ஓடுகிறது. உருளையின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 251 சதுர அங்குலம், அதை அகலத்தால் வகுத்தால் 84. ஆக ஒவ்வொரு நீளவிளிம்பும் 84 அங்குலம், கூர்முனையிலிருந்து கூர்முனைக்கு 99. கிளிப்புக்குள் போகும் வால் தனி. ஒருமுறை சரியாக வெட்டிவிட்டால், அதையே அச்சாக வைத்து மலிவான சுருளிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். காசு கணக்குப் பார்த்தால் கிளிப்பே ஜெயிக்கும்.

வெளிப்பக்கத்து கிளிப் சாது. உள்பக்கத்துக் கிளிப்தான் வில்லன். ஓடும்போது தாள் சூடேறி நீளும், அந்தத் தொய்வை இழுத்துப் பிடிக்க அதில் ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது இருப்பது உருளையின் உள்முனையில், இரும்புச் சட்டத்துக்கும் உருளைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டுமே நுழையும் சந்தில். ஸ்பிரிங்கை நெரித்துப் பிடித்துக்கொண்டே தாளின் வாலைச் செருக வேண்டும். எந்தப் பிடி எனக்கு முடியாதோ, அதே பிடி. அதற்கென்று ஒரு கொக்கிக் கருவி விற்கிறார்கள், வாங்கினேன். வலி பாதியானது. ஒரு மாலைக்கு மூன்று மாற்றம் என்றால் மூன்று பாதி வலி. நாளாக நாளாக 80-லேயே வேலையை முடித்துவிடலாம் என்று கை மனசிடம் பேரம் பேச ஆரம்பித்தது. பேரம் படிந்துவிட்டால் வேலை போச்சு.

அம்பாசமுத்திரத்தில் பெரியப்பா மகன், மரக்கடையும் பட்டறையும் வைத்திருக்கிறார். வீடியோவில் காட்டினேன்.

"ஏலே, இந்தச் சந்துக்குள்ள எப்படிடே கைய விடுத? ஒரு பொடிப் பயல வேலைக்கு வச்சிக்கோ."

"அண்ணே, இங்க பொடிப் பயல வேலைக்கு வச்சா என்னைப் பிடிச்சு உள்ள போட்ருவான்."

"அப்போ அந்த கிளிப்பத் தூக்கி எறி. செருப்புல ஒட்டுவாம்லா, கர்ருனு சத்தம் போடுமே, அது கெடையாதா?"

கிடைக்கும். அதுதான் மூன்றாவது வழி, வெல்க்ரோ. இதன் கதை பலருக்குத் தெரிந்ததுதான்: சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், 1941-ல் நாயோடு நடந்துவிட்டு வந்தபோது, உடையிலும் நாயின் முடியிலும் ஒட்டிய காய்களை நுண்ணோக்கியில் பார்த்தார். நம்மூர் நாயுருவி வேட்டியில் ஒட்டுகிற அதே சங்கதி. எத்தனை தலைமுறை நாயுருவியைத் திட்டிக்கொண்டே பிடுங்கிப் போட்டிருக்கிறோம், அவர் மட்டும் உட்கார்ந்து பார்த்தார். நைலான் கொக்கிப் பட்டையை உருளைமேல் நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். தாளின் பின்பக்கம் பஞ்சுபோன்ற கண்ணிகள் இருக்கும். உள்ளங்கையால் தடவிக்கொண்டே சுற்றினால் போதும், விரல் நெரிக்க வேண்டாம். கழற்ற ஒரு இழுப்பு. இரண்டு முனைகளிலும் நார் வைத்த டேப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டால் முனை கிளம்பாது.

அப்படியானால் உடனே மாற்ற வேண்டியதுதானே? இங்கேதான் மூன்று மாதம் போனது. வெல்க்ரோ ஒரு மெத்தை. தாளுக்கும் உலோகத்துக்கும் நடுவே மெத்தை இருந்தால் தாள் அமுங்கும். ஸ்ப்ரூஸில் வசந்தத்தில் வளர்ந்த பகுதி மெத்தென்றும், கோடை முடிவில் வளர்ந்த கோடு கெட்டியாகவும் இருக்கும். கெட்டித் தளம் இரண்டையும் ஒரே மட்டத்துக்கு வெட்டும். மெத்தை, மெதுவானதைக் கூடுதலாகத் தோண்டிக் கெட்டிக் கோட்டை மேடாக விட்டுவிடும். தடவினால் கார்டுராய் துணி மாதிரி இருக்கும். விளிம்புகளிலும் தாள் கொஞ்சம் வழிந்து இறங்கி ஓரத்தைத் தின்னும். போதாததற்குச் சூடு வேறு. நைலான் கொக்கிகள் சூட்டில் மடங்கிப் பிடிப்பை இழக்கும்.

சூடு என்றதும் எனக்கு அடுக்கில் இருக்கும் ஈட்டி மரம் ஞாபகம் வந்துவிடும். நீலகிரிப் பக்கத்து ஈட்டி, வியாபாரத்தில் இந்தியன் ரோஸ்வுட், உலகமெங்கும் கிட்டாரின் முதுகுக்கும் பக்கத்துக்கும் போகிற மரம். 2017 ஜனவரியில் அந்த மரக்குடும்பம் முழுவதும் சர்வதேச வனஉயிர் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அதற்கு முன்பே வாங்கி வைத்த ஒரே ஒரு ஜோடிப் பலகை என்னிடம் இருக்கிறது. பிசின் நிறைந்த மரம் அது. தாளில் ஓரிடத்தில் பிசின் சேர்ந்தால் அந்த இடம் வெட்டாமல் வெறுமனே தேய்க்கும், தேய்த்தால் கருகும், பலகை நெடுக ஒரு கருங்கோடு விழும். அந்தக் கோட்டை எடுக்க மறுபடி சுரண்ட வேண்டும். இரண்டு மில்லிமீட்டரில் சுரண்டுவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது?

பழைய ஸ்ப்ரூஸ் துண்டுகளை வைத்துப் பரிசோதித்தேன். கொக்கிப் பட்டையில் உயரம் குறைந்த ரகமாகப் பார்த்து வாங்கி ஒட்டினேன். உருளையின் விட்டம் ஏறிவிட்டதால், பலகையை அமுக்கும் உருளைகளை அதற்கேற்ப மறுபடி சரிசெய்ய ஒரு முழுப் பகல் ஆனது. பிறகு எட்டு அங்குல அகலத் துண்டை ஓட்டிக் காலிப்பரால் அளந்தேன். நடுவெல்லாம் 2.6 மில்லிமீட்டர். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் 2.5.

அந்த எண்ணைப் பார்த்ததும்தான் முடிச்சு அவிழ்ந்தது. மேசை செய்கிறவருக்கு ஓரம் முக்கியம், பலகையின் ஓரமே அவருக்கு மேசையின் ஓரம். கிட்டார்க்காரனுக்கு அப்படியல்ல. கனத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் இடுப்பு வளைவை வரைந்து வெட்டுகிறோம். தின்னப்பட்ட ஓரம் குப்பைக்கூடைக்குப் போகிறது. கிட்டாரின் அகன்ற பகுதி பதினைந்தரை அங்குலத்துக்குமேல் வரும் என்பதால், ஒட்டிச் சேர்த்த முன்பலகைக்கு இந்தச் சலுகை குறைவு. அதனால் இரண்டு பாதிகளிலும் வெளியோரத்தை அகலமாக விட்டுத் தனித்தனியாக ஓட்டி, ஓரங்களைச் சீவிய பிறகே சேர்க்கிறேன். கார்டுராய் மேட்டுக்கு மருந்து, அழுத்தத்தைக் குறைப்பது. ஒரு தடவைக்கு 0.1 மில்லிமீட்டருக்குமேல் எடுப்பதில்லை. மெத்தை அமுங்குவதற்கே அழுத்தம் வேண்டுமல்லவா? மெல்லப் போனால் அது பாதி மெத்தையாகிவிடுகிறது. நேரம் கூடுகிறது. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்தில் என்ன பஞ்சம்.

ஈட்டிக்கு 80-க்குமேல் போவதில்லை. பலகையைக் கொஞ்சம் கோணலாக உள்ளே விடுகிறேன், பிசின் ஒரே கோட்டில் சேராமல் இருக்க. இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை கிரேப் ரப்பர் கட்டியை ஓடும் உருளையில் தேய்த்தால் அடைத்த தூளெல்லாம் உதிர்ந்துவிடும். முகமூடியும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் இல்லாமல் சுவிட்சில் கை வைப்பதில்லை. மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், அதிலும் ஈட்டித்தூள் தோலில் பட்டாலே சிலருக்குத் தடித்துவிடும். முதல் பலகை 2.1-க்கு வந்துவிட்டது, கருங்கோடு இல்லை. இரண்டாவது இன்னும் 2.4-ல் நிற்கிறது. ஊதா நிறத்தில் தூள் பறக்க, நிலவறை முழுக்க அந்த வாசனை. மாடியிலிருந்து மனைவி, "என்னங்க, சாம்பிராணி போட்டீங்களா?" என்று கேட்டாள்.

முன்பலகையின் கடைசிப் பத்தில் ஒரு மில்லிமீட்டரை மட்டும் இன்னும் கையால்தான் எடுக்கிறேன், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே. அதையும் இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம். கொடுக்கவில்லை.

அம்பாசமுத்திரத்து அண்ணன் இப்போது பிளைவுட் வட்டங்களை வெட்டி, ஒரு கம்பியில் கோத்துச் சொந்தமாக உருளை செய்துகொண்டிருக்கிறார். பழைய கிரைண்டர் மோட்டார் ஒன்று கைவசம் இருக்கிறதாம். போன வாரம் கேட்டார்: "ஏலே, தையக்கடையில விக்கிற வெல்க்ரோ போதுமாடே?" அது தைப்பதற்கானது, பின்னால் பசை கிடையாது, உயரமும் அதிகம், வேண்டாம் அண்ணே என்றேன். "பெவிகால் போட்டு ஒட்டுனா?" என்றார். சூட்டில் நிற்காது என்று சொல்லி, என் சுருளிலிருந்து ஐந்து மீட்டர் கொக்கிப் பட்டை வெட்டித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் போய்ச் சேரவில்லை.